எக்ஸ்சேஞ்ச் அக்காவின் இரண்டாவது கேள்வி

மருத்துவமனைத் தொலைபேசி அறையில் முப்பத்து மூன்று ஆண்டுகள் பணியாற்றி இன்று ஓய்வு பெறும் எங்கள் அக்காவுக்கு, அறை ஊழியர்கள் வாசித்தளிக்கும் பாராட்டு மடல்

மணி மூன்றாம் முறை அடிக்க விடாத மாண்பே! அழுத குரலையும் அதட்டிய குரலையும் ஒரே அமைதியோடு கேட்ட அன்பே! நானூற்று முப்பது எண்களை நாவின் நுனியில் வைத்திருந்த நினைவே! முகம் காணாத மக்களுக்கெல்லாம் முதல் குரலாய் முன்நின்ற எங்கள் அக்காவே, வணக்கம்!

இப்படித்தான் தொடங்க வேண்டும் என்றார்கள், தொடங்கிவிட்டோம். இனி எங்களுக்கு வரும் தமிழில் சொல்கிறோம்.

இந்தக் கட்டடத்தில் உங்கள் பெயர் சம்பளப் பிரிவுக்கு மட்டும்தான் தெரியும். தலைமை மருத்துவர் முதல் தரை துடைப்பவர் வரை மற்ற எல்லாருக்கும் நீங்கள் எக்ஸ்சேஞ்ச் அக்கா. ஒருமுறை ஜெபக் கூட்டத்தில் உங்களை வாய்விட்டு ஜெபிக்கச் சொன்னபோது, கண்ணை மூடிக்கொண்டு "வணக்கம், எக்ஸ்சேஞ்ச்" என்று ஆரம்பித்துவிட்டீர்கள். "பரலோகத்துக்கு எந்த எக்ஸ்டென்ஷன்னு கேட்டுச் சொல்லும்மா" என்று உங்கள் வீட்டுக்காரர் ஆலய வாசலிலேயே உங்களை வாரியிருக்கிறார். பல வருடமாக நீங்களே சொல்லிச் சிரித்த கதை இது. போன வாரம் யாரோ அதை எடுத்தபோது நீங்கள் சிரிக்கவில்லை.

உங்கள் சேவையில் ஒன்றை மட்டும் இங்கே சொல்கிறோம். வேலைக்கு வந்த இரண்டாம் ஆண்டில், ஒரே பெயரில் இரண்டு நோயாளிகள் இருந்தார்கள். ஒருவர் இறந்தார். அழைத்தவர் யாரென்று கேட்காமல், நோயாளியின் பெயரை மட்டும் கேட்டு நீங்கள் கொடுத்த இணைப்பில், மற்றவரின் மனைவிக்குச் சாவுச் செய்தி போனது. அரை மணி நேரம் கழித்துத்தான் தவறு தெரிந்தது. அந்த அரை மணி நேரத்தை நீங்கள் யாரிடமும் மறைத்ததில்லை. அன்று முதல் இந்த அறையில் இரண்டு கேள்விகள். பேர் என்ன? நீங்க யாரு? பேர் மட்டும் போதாது; உறவா, ஊழியரா, யாரென்ற இரண்டாவதுக்குப் பதில் வராமல் இணைப்பு இல்லை. மந்திரியின் உதவியாளர் கத்தியபோதும் இல்லை. உங்களை வெறும் அன்பானவர் என்று எழுதினால் பொய்யாகும். எங்களைப் போட்டு வறுத்தவர் நீங்கள். ஆனால் அதற்குப் பிறகு தவறான வீட்டுக்கு ஒரு செய்தியும் போகவில்லை.

திங்கட்கிழமை நீங்கள் மகள் இருக்கும் ஊருக்குக் குடிபோகிறீர்கள். அங்கே உங்கள் குரல் யாருக்கும் தெரியாது. அங்குள்ள ஆலயத்துச் சபையார் புதிதாகச் சேர்பவர்களுக்கான ஒரு தாள் அனுப்பியிருந்தார்கள். பெயர், வயது எழுதிவிட்டீர்கள். "உங்களைப் பற்றி" என்ற இடத்தில் எதையோ எழுதி எழுதி அழித்ததில் தாள் அங்கே மெலிந்துபோயிருந்தது. அதைப் பைக்குள் வைத்துக்கொண்டே நாலு நாள் வேலைக்கு வந்தீர்கள். ஒரே இணைப்பை மூன்று முறை சரிபார்த்தீர்கள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே எடுத்துப் போனீர்கள். பார்த்தும் என்ன கேட்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

அந்த வாரம்தான் எங்களுக்கு ஒரு சோதனை வைத்தீர்கள். "நான் போனப்புறம் கோட்டை விடுவீங்க. தினமும் வெளியிலேர்ந்து கூப்பிடுவேன். வெளியாள்னு நெனச்சுக் கேளுங்க." மாடிப்படிக்குக் கீழே உள்ள பெஞ்சிலிருந்து கைபேசியில் கூப்பிட்டீர்கள்.

முதல் நாள் பெயரைச் சொன்னீர்கள். நீங்க யாரு என்று கேட்டோம். "எக்ஸ்சேஞ்ச்" என்றீர்கள்.

"எக்ஸ்சேஞ்ச் இங்கதானேக்கா இருக்கு?"

விளையாட்டாகத்தான் சொன்னோம். வைத்துவிட்டீர்கள். மறுநாள் "ரிட்டயர் ஆனவ" என்றீர்கள். "இன்னும் ஆகலையேக்கா" என்றோம். மூன்றாம் நாள் பெயருக்குப் பிறகு மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பரவாயில்லை என்று இணைப்புக் கொடுத்திருக்கலாம். கொடுத்திருந்தால் நீங்களே மேலே வந்து கிழித்திருப்பீர்கள். பதிவேட்டில் எழுதினோம்: பெயர் தந்தார், யாரென்று சொல்லவில்லை, இணைப்புத் தரப்படவில்லை.

நான்காம் நாள் மணி அடித்தபோது எடுக்கவே பயமாக இருந்தது. பெயரைக் கேட்டோம். சொன்னீர்கள். நீங்க யாரு?

"கர்த்தரோட பிள்ளை."

பதிவேட்டில் எழுத எடுத்த பேனா அப்படியே நின்றது.

"என்ன, கேக்குதா? இந்தச் சீட்டுல உக்கார்றதுக்கு முன்னாடியும் அதான், திங்கக்கிழமையும் அதான். ஞானஸ்நானத்தன்னிக்கே சொல்லிட்டாங்க, நான்தான் போன் சத்தத்துல மறந்துட்டேன். கேன்டீனுக்குப் போடு."

"அக்கா, பயம் போயிடுச்சா?"

"எங்க போகும்? கை நடுங்கிட்டுத்தான் இருக்கு. யாருன்னு சொல்லிட்டேன்ல, லைன் குடு."

கொடுத்தோம்.

எங்களில் பாதிப் பேர் எந்த ஆலயத்துக்கும் போகாதவர்கள். ஆனாலும் நாற்காலியோடு போய்விடாத ஒரு பதிலைக் கேட்டால் எங்களுக்கும் தெரியும். இந்த நாற்காலியை விட்டால் நாங்கள் யார் என்று அன்று முதல் இந்த அறையில் ஆளுக்கொரு கலக்கம். அதை மூட்டிவிட்டுத்தான் போகிறீர்கள்.

அந்தத் தாளில் என்ன எழுதினீர்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. புது ஊரில், புது வாசலில், உங்களை அறியாத மக்கள் நடுவில், நோயற்ற உடம்போடும் நோகாத மனத்தோடும் நெடுங்காலம் நீங்கள் வாழ வேண்டும். கை நடுங்கும் நாட்களில் எங்களைக் கூப்பிடுங்கள். மூன்றாவது மணிக்குள் எடுப்போம். குரலை வைத்தே நீங்கள்தான் என்று தெரிந்துவிடும். தெரிந்தாலும் இரண்டு கேள்விகளையும் கேட்போம். அதே பதிலைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தொலைபேசி அறையின் பகல் முறை, இரவு முறை ஊழியர்கள்