பிழை துவக்கிலதான்

இல்லைத் தம்பி, துவக்குக்குள்ள ஒண்டும் இல்லை, பயப்பிடாம எடுங்கோ. வெடி பூட்டுற போல்ற்றைக் கழட்டி இந்தச் சீலைக்குள்ள சுத்தி வச்சிருக்கிறன். குண்டுச் சன்னம் எல்லாம் வீட்டில பூட்டிக் கிடக்கு. லைசன்ஸோ? என்ர பேரிலயும் இருக்கு, இந்தா பாருங்கோ. சுஜீவா மகேந்திரராஜா. படத்தில பேய் மாதிரித்தான் இருக்கிறன், ஆனா நான்தான்.

நீங்கள் தமிழெண்டு சட்டையில குத்தியிருக்கிற பேரைப் பாத்தவுடன பிடிச்சிட்டன். பிரதீப்குமார். இந்தியாவோ? எவடம்? ஆ, கோவில்பட்டி. எஞ்சினியருக்குப் படிச்சுப்போட்டு இஞ்ச மெல்பேர்னில துவக்கு, உங்கட பாசையில துப்பாக்கி, திருத்துறியள். ஐயோ, நான் நக்கலடிக்கேல்லை, சத்தியமா. துவக்குக்குப் பயந்து கடல் தாண்டி ஓடி வந்த சனம் நாங்கள். வந்து மூச்சு விட்ட கையோட என்ர மனுசன் பாத்த முதல் வேலை, காசு குடுத்து ஒரு துவக்கு வாங்கினது. எங்களுக்கு முன்னால உங்கட கதை ஒரு பகிடியே?

அவர் பக்கத்துக் கடையில நிண்டு இறைச்சி வச்ச மீற்பை தின்னுறார். நல்ல சூடு, ஊதி ஊதித்தான் தின்ன வேணும். தின்னு முடியிறதுக்குள்ள நான் உங்களோட கதைச்சிட வேணும். உங்கட முதலாளி இல்லையோ? சாப்பிடப் போயிட்டாரோ? நல்லதாப் போச்சு.

விசயம் இதுதான். கொஞ்சக் காலமா மனுசனுக்குக் குறி தவறுது. மான் தப்புது, முயல் தப்புது, கடைசியில வேலிக் கட்டையில வச்ச மீன் ரின் பேணியும் தப்பிட்டுது. அது ஓடக்கூட இல்லைத் தம்பி, வச்ச இடத்திலதான் இருந்தது. கேட்டா, துவக்கிலதான் பிழையாம். குழல் வளைஞ்சிட்டுதாம். வாற கிழமை ஆனந்தராஜா அண்ணையோட திரும்பவும் ஜிப்ஸ்லாண்டுக்கு வேட்டைக்குப் போக நிக்கிறார். அண்ணை ஆரெண்டா, இவரின்ர கூட்டாளி, எங்கட தெருவிலதான் வீடு. போக முதல் நீங்கள் பாத்துச் சொல்ல வேணுமாம், துவக்கு நல்லமோ கூடாதோ எண்டு. நீங்கள் என்ன சொன்னாலும் அதுதான் முடிவு எண்டிட்டார்.

இருங்கோ, அந்தத் திருத்துற ஆயுதத்தை எல்லாம் எடுக்காதேங்கோ. முதல் கையால பாருங்கோ. எனக்கு என்ன தெரியுமோ? கல்யாணம் கட்டின நாளில இருந்து இந்த வீட்டில வேற கதை இல்லைத் தம்பி. மற்றவளவையின்ர புருசன்மார் குடிச்சினம், சூதாடிச்சினம். என்ர மனுசன் துவக்கைப் பற்றிக் கதைச்சார். குடிச்சிருந்தாலாவது நடுவில நித்திரை கொண்டிருப்பார்.

இந்த ஸ்குருத் தலையளைப் பாருங்கோ. ஒண்டாவது குதறியிருக்கோ? குதறியிருந்தா, வேலை தெரியாத ஒருத்தன் உள்ளுக்குக் கை வச்சிட்டான் எண்டு அர்த்தம், மற்றதை ஒண்டும் பாக்கத் தேவையில்லை, கடையை விட்டு வெளிய வா எண்டுவார் என்ர மனுசன். சரி, இப்ப போல்ற்றைப் போட்டு முன்னுக்குத் தள்ளுங்கோ. கேட்டுதோ? ஒண்டும் கேக்கேல்லைத்தானே? அதுதான் விசயம். இப்ப புதுசா வாறதுகளில தள்ளினா, பல்லு இல்லாத கிழவன் முறுக்குத் தின்னுற மாதிரிச் சத்தம் வரும்.

பொறுங்கோ, என்ர கைப்பைக்குள்ள ஒரு துண்டு கிடக்க வேணும். இந்தா. கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயில் அர்ச்சனை ரிக்கற். இதை நுனியில இருந்து குழலுக்கும் மரக்கட்டைக்கும் இடையால விட்டு இழுங்கோ. போகுதோ? அடி மட்டும் முட்டாமல் போகுதோ? மரம் குழலில முட்டினா, குழல் சூடேற ஏற வெடி ஒவ்வொரு பக்கம் போகும். இது முட்டேல்லை. சிவனும் விஷ்ணுவும் சேந்து சாட்சி.

உந்த ஆனந்தராஜா அண்ணை ஒருக்கா ஒரு ரெட்டைக் குழல் துவக்கு வாங்கினவர், வாத்துச் சுட. பக்கவாட்டில தங்க நிறத்தில வாத்து வெட்டின வேலைப்பாடு. பேத்தியின்ர பிறந்தநாளுக்குப் போன இடத்தில எங்களைக் கராஜுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். என்ர மனுசன் அதைக் கையில வாங்கி, மடிச்சு ஒருக்கா மூடினார். நல்லதெண்டா டக்கெண்டு ஒரே ஒரு சத்தம்தான் கேக்க வேணும். இதில ரெண்டு மூண்டு சத்தம், குசினி அலுமாரிக் கதவு மாதிரி. பிறகு காதுக்குக் கிட்டப் பிடிச்சுக் குலுக்கினார். உள்ளுக்கு என்னவோ ஆடுது. அவ்வளவு சனத்துக்கு முன்னால கேக்கிறார், ஆனந்தன், நீ துவக்குக் கடைக்குப் போனனியோ நகைக் கடைக்குப் போனனியோ எண்டு. அண்ணையின்ர மனுசி எனக்குக் கேக் துண்டு கூடத் தரேல்லை. அடுத்த தீபாவளி வரைக்கும் கதை பேச்சு இல்லை.

ஆரின்ர துவக்கையும் விட்டு வச்சதில்லைத் தம்பி. பிளாஸ்ரிக் கட்டை போட்டதை வாளி எண்டுவார். பூ வெட்டினதை மணவறை எண்டுவார். மலிவா வாங்கினவனைப் பாத்து, இது உன்னைத்தான் முதல் சுடும் எண்டுவார். உலகத்தில ஒழுங்காச் செய்த துவக்கு ஒண்டுதான், அது இவர் வச்சிருக்கிறது. இனி இப்பிடி ஒண்டு ஒருத்தனும் செய்யமாட்டானாம்.

இப்ப போல்ற்றைத் திரும்பக் கழட்டி, வெளிச்சத்துக்குப் பிடிச்சுக் குழலுக்குள்ளால பாருங்கோ. வடிவாப் பாருங்கோ. வளைஞ்சிருக்கோ? சொல்லுங்கோவன். இல்லைத்தானே? கண்ணாடி மாதிரி இருக்குத்தானே? எனக்குத் தெரியும். நேற்று நானும் பாத்தனான்.

அப்ப என்னத்துக்கு அன்ரி இதைக் கொண்டு வந்தீங்க எண்டுறியள். நியாயம்தான்.

தம்பி, அவர் ட்ராம் ஓட்டினவர். நடு சிற்றியில, குறுக்க மறுக்க ஓடுற சனத்துக்கு நடுவில. ஒரு புறாவைக்கூட இடிச்சதில்லை எண்டு சொல்லி எங்கட உயிரை எடுப்பார். அந்தக் கண்ணுக்குத்தான் இப்ப நடுவில மறைப்பு. சுத்திவரத் தெரியுமாம், நேர பாக்கிற இடம்தான் தெரியாதாம். என்னோட கதைக்கேக்கை என்ர காதைப் பாத்துக் கதைக்கிறார், அப்பதான் முகம் தெரியுதெண்டு நினைக்கிறன். இனித் திரும்பாது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டா. வெளியில வந்து என்னட்டச் சொல்லுறார், கண்ணாடி மாத்தட்டாம் எண்டு. நான் பக்கத்துக் கதிரையில இருந்து எல்லாத்தையும் கேட்டனான்! எனக்குக் காது செவிடெண்டு நினைச்சாரோ தெரியாது. சரி, மாத்துவம் எண்டன். வேற என்னத்தைச் சொல்ல?

கார் நான்தான் ஓடுறன். ஓட விருப்பமா இருக்கு எண்டு பொய் சொல்லி ஓடுறன். போன மாதமும் அப்பிடித்தான் ஜிப்ஸ்லாண்டுக்குக் கூட்டிக்கொண்டு போனனான். விடியக்காலமை, பனிப் புகார். ஆனந்தராஜா அண்ணை மண்ணிற ஸ்வெட்டரோட மரத்தடியில குனிஞ்சு சப்பாத்து லேஸ் கட்டுறார். இவர் துவக்கைத் தூக்கிட்டார். நான் பின்னுக்கு நிக்கிறன், கத்த வாய் திறக்கிறதுக்குள்ள விசையில விரல் போட்டுது. அந்த நேரம் பாத்து அண்ணையின்ர போன் அடிச்சுது. நாதஸ்வரம் வச்சிருக்கிறார் மனுசன். மான் நாதஸ்வரம் வாசிக்காது எண்டு இவருக்குத் தெரியும். அதால அண்ணை இண்டைக்கும் உயிரோட இருக்கிறார். அவருக்கு இன்னும் தெரியாது. போனை எடுத்து, தக்காளி என்ன விலை எண்டு மனுசியோட கதைச்சுக்கொண்டு வாறார்.

இவர் துவக்கை இறக்கி வச்சார். போல்ற்றைக் கழட்டிச் சட்டைப் பைக்குள்ள போட்டார். வீட்டு வாசலில வந்துதான், சுஜீவா, துவக்கில என்னவோ பிழை, ஆரிட்டையாவது காட்ட வேணும் எண்டார். எனக்கெண்டா, அவருக்கும் தெரியும் எண்டுதான் படுது. ஆனா வாயால சொல்ல ஏலாது. ஏலாதெண்டா ஏலாதுதான்.

பொலிசுக்குச் சொல்லலாம். சிட்னியில இருக்கிற மகன் தனோஜன் அதைத்தான் சொன்னவன், அம்மா, ஜஸ்ட் ரிப்போர்ட் ஹிம் எண்டு. வந்து எடுத்துக்கொண்டு போவாங்கள். கண் தெரியாதவனெண்டு தெரு முழுக்கக் கதை வரும். அதோட இவர் கட்டிலில படுத்திடுவார், எழும்பமாட்டார். நீங்கள் ஏலாதெண்டா நான் நாளைக்கே பொலிசுக்குப் போறன், பயப்பிடாதேங்கோ. இனி ஒரு வெடி இதால போகாது. ஆனா அதுக்கு முதல் உங்களைக் கேக்கிறன்.

வேற துவக்கு வாங்கினாலோ? வாங்கமாட்டார். இவ்வளவு காலமும் ஊரில இருக்கிற துவக்கு எல்லாத்தையும் பழிச்சுப்போட்டு, இனி எந்த முகத்தோட ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு போறது?

ஓம், அந்த இடத்தைக் கண்டிட்டியள். போல்ற்றுக்குக் கிட்ட, குழலில. கறள்தான், நீங்கள் துரு எண்டுவியள். தேசிக்காய், உங்கட எலுமிச்சை, செய்த வேலை. நாங்கள் வாணி விழாவுக்கு, உங்கட சரஸ்வதி பூசைக்கு, வீட்டில புத்தகம், கத்தி, கத்தரிக்கோல் எல்லாம் வச்சுக் கும்பிடுறனாங்கள், இவர் துவக்கையும் வச்சுச் சந்தனம் குங்குமம் பூசுவார். முடிய, சாமி விளக்குகளை நான் தேசிக்காயும் சாம்பலும் போட்டுத் தேய்க்கிறனான். அதோட சேத்து இதையும் தேய்ச்சனாக்கும் எண்டு சொன்னா எங்கட ஆக்கள் ஒருத்தரும் சந்தேகப்படாயினம். எங்கட பெண்டுகள் தேசிக்காய் போடாத சாமான் இல்லை. முந்தநாள் இருந்து தேய்ச்சன் தம்பி, மூண்டு தேசிக்காய் முடிஞ்சுது. அவருக்குக் கண்ணால பாக்க ஏலாதெல்லே, விரலால தடவினா முட்டுற இடமாப் பாத்துத் தேய்ச்சனான். மேலாலதான் பிடிச்சிருக்கு எண்டு உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

அவரின்ர விரலைப் பிடிச்சு அதில வையுங்கோ. புளி உள்ளுக்கு இறங்கிட்டுது, வெடி வச்சா முகத்தில வெடிக்கும், இதை இனிச் சுடக்கூடாது எண்டு சொல்லுங்கோ. பொய்யோ? முன்பாதி பொய்தான். இனிச் சுடக்கூடாது எண்டுறதில ஒரு சொல் பொய்யில்லைத் தம்பி.

என்னை ஏசுவார்தான். சாகும் மட்டும் ஏசுவார். கோயிலில, கலியாண வீட்டில, செத்த வீட்டில, காணுற ஆக்கள் எல்லாருக்கும் சொல்லுவார், உலகத்தில இருந்த ஒரே ஒரு நல்ல துவக்கை என்ர பெண்சாதி தேசிக்காய் போட்டு அழிச்சுப்போட்டாள் எண்டு. சொல்லட்டும். கண் போச்சு எண்டு சொல்லுறதை விட அது அவருக்குச் சுகம்.

மணி அடிக்குது, வாசலில அவர்தான். அழுகிற மாதிரி நிக்காதேங்கோ, கோவமா முகத்தை வையுங்கோ. இஞ்சாருங்கோ, இந்தப் பக்கம், மேசைக்குக் கிட்ட வாங்கோ. இந்தத் தம்பி அப்ப தொடங்கி என்னை ஏசிக்கொண்டு நிக்கிறார். வாங்கோ, நீங்களும் வந்து ஏசுங்கோ.