சுவாமி வெட்டின சத்திரக்காரன்

இல்லை சுவாமி, எனக்கென்ன கோவம்? பிலோமினா ரீச்சர் சொன்னவவோ? அவ அப்பிடித்தான். ரெண்டு நாள் நான் உங்கட மாதா கோயில் ஹோல் பக்கம் எட்டிப் பாக்கேல்லையெண்டா, கோணேஸ்வரி அக்கா கோவமாம் எண்டு ஊரெல்லாம் சொல்லிப்போடுவா. இருங்கோ. அந்தக் கதிரை வேண்டாம், கால் ஆடும். இதில இருங்கோ. தேத்தண்ணி ஊத்திட்டன். சீனி இல்லை, சக்கரைக்கட்டிதான். கந்தளாய் முழுக்கக் கரும்பு நிக்குது, இஞ்ச கடையில சீனிக்கு வரிசை. என்ன செய்யிறது, கடிச்சுக்கொண்டு குடியுங்கோ.

நான் சைவக்காரி, யேசு பாலன் பிறக்கிற உங்கட நத்தார் நாடகத்துக்கு நான் கோவிக்கலாமோ? ஆனா சுவாமி, வந்து ரெண்டு மாசத்துக்குள்ள நத்தாரை நல்லாத்தான் துப்பரவாக்கிப்போட்டீங்கள். போன ஞாயிறு ஹோலில நீங்கள் விளங்கப்படுத்தேக்க நானும் பின்னால நிண்டு கேட்டனான். வேதத்தில இல்லாதது ஒண்டும் மேடையில ஏறக்குடாது எண்டீங்கள். முதல்ல பனியைத் தூக்கினீங்கள். அது சரி. சவுக்கு மரத்தில பஞ்சை ஒட்டிப்போட்டுப் பனியெண்டா, இந்தத் திருகோணமலையில ஆர் பனியைக் கண்டது? நேவி வெள்ளைக்காரன் விட்டிட்டுப் போன பழக்கம் அது.

பேந்து பாலனைப் பாக்க வந்த ராசாக்கள். மூண்டு பேரெண்டு வேதத்தில இல்லையாம், ராசாக்கள் எண்டும் இல்லையாம், தொழுவத்துக்கே வரேல்லையாம், பிறகு வீட்டுக்குத்தான் வந்தவையாம். தையல்கார ஸைனுலாப்தீன், பாவம், வெல்வெற்றில மூண்டு அங்கியும் தைச்சு முடிச்சிட்டார். மூண்டு இல்லையெண்டா எத்தினை, இன்னும் தைக்கோணுமோ எண்டு என்னட்டைக் கேக்கிறார். நான் என்னத்தைச் சொல்ல?

செட்டை வைச்ச சம்மனசுகள் பாடினதெண்டும் இல்லையாம், சொன்னதெண்டுதான் இருக்காம். பிலோமினா ரீச்சர்ர முகத்தை நீங்கள் பாக்கேல்லை. ஐப்பசி துவங்கிப் பழக்கின பாட்டெல்லோ! ஆனா ஒண்டு, பிள்ளை அழாமல் படுத்திருந்ததெண்டு பாட்டில வருகுதே, அது வேதத்தில எங்க இருக்கெண்டு கேட்டீங்கள் பாருங்கோ, அதில நான் உங்கட பக்கம். நாலு பெத்தவள் சுவாமி நான். அழாத பிள்ளையை மருத்துவிச்சி காலில பிடிச்சுத் தலைகீழாத் தூக்கி அடிப்பா. அந்தப் பாட்டை ஆரோ ஆம்பிளைதான் கட்டியிருக்கோணும்.

ஆதம்பாவா நானா நாடகத்துக்குத் தாற ஆடு தப்பீட்டுது. இடையர் மந்தை காத்தவையெண்டு இருக்கிறபடியா ஆட்டை உங்களால ஒண்டும் செய்ய ஏலேல்லை. கழுதையைத்தான் துரத்தினீங்கள். கழுதைக்குள்ள நிக்கிற பொடியளுக்கு அது சந்தோசம், சாக்குக்குள்ள அவ்வளவு அவிச்சல். ஆனா கோட்டைப் பக்கத்து மான் வந்து வருசா வருசம் பாலன் குடில் வைக்கோலைத் தின்னும், அதை என்ன செய்யப் போறீங்கள்? வேதத்தில மான் இல்லையெண்டு அதுக்கு ஆர் சொல்லுறது?

ஓம், அதோட சத்திரக்காரனையும் வெட்டினீங்கள். சத்திரத்தில மாதாவுக்கும் சூசையப்பருக்கும் இடம் கிடைக்கேல்லையெண்டு மட்டுந்தான் எழுதிக் கிடக்காம். கதவைத் திறந்து கதைக்கிற ஆள் ஒருத்தரும் இல்லையாம். மெய்தான் சுவாமி. நீங்கள் படிச்சனீங்கள், நான் மறுத்துக் கதைக்கேல்லை.

என்ட மனுசன், இவர்தான் அந்த வேசம் கட்டினவர். பழைய சுவாமி காலத்தில இருந்து. ஏன் போய்ச் சைவக்காரரைப் பிடிச்சவையெண்டு தெரியுமோ? உங்கட ஆக்களில ஒருத்தரும் சம்மதிக்கேல்லை. மாதாவை வெளியில விட்ட பாவம் எனக்கு வேண்டாமெண்டு எல்லாரும் ஒதுங்கீட்டினம். பழைய சுவாமி நேரா எங்கட கடைக்கு வந்தார். துறைமுகத்துக்குப் போற றோட்டில இவருக்குச் சாப்பாட்டுக் கடை, மேல ஆக்கள் தங்கிறதுக்கு அறையள். கனகசுந்தரம், நீர் உண்மையிலயே சத்திரக்காரன், உமக்குப் பாவமும் ஒட்டாது, வாரும் எண்டார். இவருக்குச் சந்தோசம், புழுகம் தாங்கேல்லை. கண்ணாடிக்கு முன்னால நிண்டு பழகுவார். நத்தார் முடிஞ்ச கையோட மீன் சந்தையில உங்கட பெண்டுகள் பேசுவினம், பிள்ளைத்தாச்சியைத் துரத்தின மனுசன் போகுது பார் எண்டு. அந்தப் பேச்சுக் கேக்கத்தான் இவர் சந்தைக்கே போறது.

சிரிக்கிறீங்கள். ஆனா நிசத்தில அந்த மனுசன் ஒருத்தரையும் திருப்பி அனுப்பினதில்லை. அறுபத்துநாலில சூறாவளி அடிச்சு ஓடெல்லாம் பறக்கேக்க, சல்லி ஊர்ச் சனமும் கிண்ணியாச் சனமும் எங்கட கடை மேசைகளுக்குக் கீழதான் படுத்ததுகள். நத்தார் அண்டைக்கும் அங்கதான். அந்த வருசம் நாடகமே இல்லை.

இப்பவோ? அறைக்குள்ளதான் இருக்கிறார். வெளியில வரமாட்டார். நீங்கள் இந்தப் பங்குக்கு வாறதுக்கு முதல், ஆவணியில, கந்தளாய்க்குப் போய்க் கடைக்கு மரக்கறி வாங்கிக்கொண்டு வந்தவர், பஸ்ஸால இறங்கேக்க விழுந்தவர். பாரிசவாதம். இப்ப தடியை ஊண்டி நடக்கிறார், ஒரு கை கொஞ்சம் இழுத்திட்டுது. கதைதான் இல்லை. ஒரு சொல்லும் வராது. வாயைத் திறப்பார், ம்... ம்... எண்டு அதோட நிண்டுபோகும். என்ட பேரைச் சொல்லிப் பாத்தவர், ஏலேல்லை. வராட்டிச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திடுவார். ஆரும் பாக்க வந்தா, அனுப்பு அனுப்பு எண்டு எனக்குக் கையைக் காட்டுவார்.

இதைச் சொல்லவெண்டு நான் நினைக்கேல்லை. நீங்கள் கேட்டபடியாச் சொல்லுறன்.

உங்கட ஹோல் சன்னலும் எங்கட அறைச் சன்னலும் நேருக்கு நேர். ஒழுங்கைதானே நடுவில. போன மாசம் பொடியள் ஒத்திகை துவங்கேக்க நான் குசினியில மீன் வெட்டிக்கொண்டு நிண்டனான். அங்க சூசையப்பர் கதவைத் தட்டிறது கேட்டுது. என்ட மனுசிக்கு நோ துவங்கீட்டுது, ஒரு அறை தாங்கோ ஐயா எண்டு அந்தப் பொடியன் கேக்கிறான். உடன இஞ்ச அறைக்குள்ள இருந்து ஒரு குரல். இடமில்லை, இடமில்லை, வேற எங்கயும் போய்ப் பாருங்கோ!

அவர்ர குரல் சுவாமி. ஒரு எழுத்துப் பிசகேல்லை. மேடையில கதவைத் திறக்க முதல் ஒரு செருமல் செருமுவார், அந்தச் செருமலோட. மீன் கையோட ஓடினன். கட்டிலைப் பிடிச்சுக்கொண்டு எழும்பி நிக்கிறார். தன்ர சத்தத்துக்குத் தானே பயந்துபோய் என்னைப் பாக்கிறார். இன்னொருக்காச் சொல்லுங்கோ எண்டன், வரேல்லை. அடுத்த நாள் ஒத்திகையில பேந்தும் வந்துது. டொக்டரைக் கேட்டனான். மனப்பாடமாக் கிடக்கிறது சில பேருக்கு அப்பிடி வரும், வாறதைத் தடுக்காதேங்கோ எண்டார். பேந்தென்ன, பின்னேரமானா இவர் வெளியில போற சேட்டைப் போட்டுக்கொண்டு சன்னலடியில போய் இருந்திடுவார். நான் அடுப்பைத் தணிச்சுப்போட்டுக் கதவுக்குப் பின்னால நிப்பன். துரத்திற பேச்சுத்தான், எண்டாலும் அவர் பேசினதெல்லோ சுவாமி.

ஞாயிறோட அது நிண்டுபோச்சுது. நீங்கள் வெட்டின பிறகு ஒருத்தரும் கதவைத் தட்டேல்லை. அவர் சேட்டைப் போட்டுக்கொண்டு இருட்டும் மட்டும் இருக்கிறார். நேற்று நானே வெளியில போய் நிண்டு தட்டினன். அறை தாங்கோ ஐயா எண்டு கேட்டன், இந்த வயசில! அவருக்குச் சிரிப்புத்தான் வந்துது. சொல் வரேல்லை.

இல்லையில்லை, நாடகத்தில சேக்க வேண்டாம். உங்கட வேதத்தில இல்லாததை எனக்காக ஏன் சேக்கிறீங்கள்? மேடைக்கு அவரும் வரமாட்டார். ஒத்திகையில மட்டும், அந்தப் பொடியன் ஒருக்காத் தட்டிக் கேட்டிட்டுப் போகட்டும். அவ்வளவுதான்.

ஏன் எழும்பிட்டீங்கள்? தேத்தண்ணி அப்பிடியே கிடக்கு. அறைக்கோ? அவர் வேற ஆக்களைக் கண்டா... சரி, உள்ளுக்குப் போகாதேங்கோ. கதவுக்கு வெளியில நிண்டு கேளுங்கோ. மெல்லமாத் தட்டினாப் போதும். நீங்கள் வெட்டின வசனம் உங்களுக்கு ஞாபகம் இருக்கோ?

ஓம், அதுதான். இன்னும் கொஞ்சம் சத்தமா.

கேட்டீங்களோ, இடமில்லையாம்! முதல்ல செருமினதும் அவர்தான்... இனி அங்க நிக்காதேங்கோ சுவாமி. நீங்கள் மாதாவைக் கூட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகோணும்.