தேய்க்காத அடுக்கு

உங்கள் ஸ்டேஷன் சாயில் இஞ்சி கொஞ்சம் தூக்கல், இன்ஸ்பெக்டர். பரவாயில்லை, குடிக்கலாம்.

நான் விஸ்வேஸ்வரன். கட்கியில் ஒரு தொழிற்சாலையில் ஃபைபர்கிளாஸ் பாகங்களைச் சோதித்து, தேறாததைத் திருப்பி அனுப்புவதுதான் என் உத்தியோகம். ஓய்வு பெறும்வரை என் கையை மீறி ஒரு ஓட்டைச் சாமான் வெளியே போனதில்லை. என் மாப்பிள்ளை ஹர்ஷா கம்ப்யூட்டர்காரன். ஆணி அடிப்பதற்கும் யூடியூபைக் கேட்கிற ரகம். அந்த மகானுபாவன் ஒரு பழைய ஃபைபர் மோட்டார் படகை வாங்கி, கசார்வாடியில் ஷெட் பிடித்து, தானே புதுப்பிக்கக் கிளம்பினான். வீட்டில் ஒருவன் இதே வேலையில் தலை நரைத்து உட்கார்ந்திருக்கிறானே, ஒரு வார்த்தை கேட்போம்? ஊஹும். எனக்கு வயிறு எரிந்தது.

படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்புக்குக் கீல் என்று பெயர். அதில் விரிசல். உள்பக்கம் கண்ணாடி நாரும் பிசினுமாக அடுக்கடுக்காக ஒட்டிப் பலப்படுத்த வேண்டும். அவன் வாங்கிய பிசின் காய்ந்தால் மேலே மெழுகுப் படலம் நிற்கும். அதை எமரித்தாளால் தேய்த்தெடுத்தால்தான் அடுத்த அடுக்கு பிடிக்கும். ஒரு நாள் ஷெட்டுக்குப் போய்ப் பார்த்தேன். ஐயா தேய்க்காமலே அடுக்கு மேல் அடுக்காக ஒட்டியிருந்தார். பளபளப்பைப் பார்த்து மெய்மறந்து நின்றார்.

அன்றைக்குத்தான் கேட்டான். "மாமா, எப்படி இருக்கு?"

"பேஷ்," என்றேன்.

பொய் என்று சொல்லிவிட முடியாது. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. வேகம் பிடித்தால் அடுக்கு உரியும், தண்ணீர் புகும், பையனுக்குப் புத்தி வரும் என்று நினைத்தேன். அவனுக்கு நீச்சல் தெரியாது என்பதும் எனக்குத் தெரியும். அதை நான் மறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் படகுக்குக் குங்குமம் வைத்துத் தேங்காய் உடைத்தார்கள். சோதனை அத்தோடு முடிந்ததாம். லைஃப் ஜாக்கெட்டுகள் கசங்காமல் காரிலேயே இருந்தன. அப்போது என் பெண் அம்மு போன் செய்தாள்.

"அப்பா, இவர் என்னையும் ஏறச் சொல்றார். எனக்கு பயமா இருக்கு. நீ பார்த்தியே, சரியாத்தானே இருக்கு?"

வேண்டாம் என்று ஒரு வார்த்தை போதும். சொன்னால், தெரிந்துகொண்டே பேஷ் போட்டேன் என்று ஆகிவிடும். அந்தப் பயல் முன்னால் நான் தலைகுனிய வேண்டும்.

"தாராளமா ஏறு," என்றேன்.

நடு ஏரியில் அடி பிளந்தது. மீன் பிடிப்பவர்கள் ஹர்ஷாவை இழுத்துக் கரையில் போட்டார்கள். அம்மு மறுநாள்தான் கிடைத்தாள்.

ஆமாம், தெரிந்தேதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள். அவனையும் விசாரிப்பீர்கள் அல்லவா? தேய்க்காமல் விட்டது தப்பு என்று இப்போதாவது ஒத்துக்கொள்கிறானா, அதை மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.