தயவுசெய்து கை தட்டாதீர்கள்

தலைமையுரையின் நான்காம் பக்கம் விடுபட்டதை அறியாமலேயே அதை நிறைவுசெய்து அமர்ந்திருக்கும் மதிப்புக்குரிய தலைவர் அவர்களே. எந்தத் தீர்மானத்தையும் இனிய குரலில் படித்து, எவர் காதிலும் எதுவும் ஏறாமல் பார்த்துக்கொள்ளும் ஆற்றல் வாய்ந்த செயலாளர் அவர்களே. முன்வரிசையில் முகம் மலர அமர்ந்திருக்கும் மூத்தோர்களே. நிகழ்ச்சி நிரலை மடித்து விசிறியாக்கி வீசிக்கொண்டிருக்கும் தாய்மார்களே. கைப்பேசியில் கவிழ்ந்த தலை நிமிராத காளையரே, கன்னியரே. கடைசி வரிசையில், தூணோரமாக, மடியில் துணிப்பையோடு அமர்ந்திருக்கும் தையற்கடை அம்மா அவர்களே: அனைவருக்கும் என் வணக்கம்.

வேண்டாம், கை தட்ட வேண்டாம். நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

படிப்பது, ஆழ்ந்து சிந்திப்பது, அஞ்சாமல் பேசுவது என்ற தலைப்பில் சிறப்புரை ஆற்றும்படி நம் குடியிருப்போர் சங்கம் என்னைப் பணித்திருக்கிறது. எனக்குப் பின்னால் தொங்கும் பதாகையில் என்னைப் பேராசிரியை என்று போட்டிருக்கிறார்கள். நான் ஒரு நாளும் எந்தக் கல்லூரியிலும் பாடம் நடத்தியவள் அல்ல. ஓர் அச்சகத்தில் முப்பத்தோர் ஆண்டுகள் பிழை திருத்தியவள். அழைப்பிதழ் இங்கே இருக்கும் எல்லா வீடுகளுக்கும் வந்தது. எவரேனும் கேட்டீர்களா? என் எதிர்வீட்டுக்காரர், இருபது வருடங்களாக என்னைத் தெரிந்தவர், படிக்கட்டில் நிறுத்தி வாழ்த்துச் சொன்னார்.

"எதுக்கு வாழ்த்து?" என்றேன்.

"அழைப்பிதழ்ல உங்க பேர் வந்திருக்கேம்மா."

"என்ன போட்டிருக்கு?"

"ஏதோ நல்லாத்தான் போட்டிருந்தாங்க."

சிரிக்கிறீர்கள். அவரும் சிரிக்கிறார், மூன்றாம் வரிசையில். பெருமக்களே, அந்தச் சொற்களைக் கொஞ்சம் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஏதோ நல்லாத்தான் போட்டிருந்தாங்க. ஏதோ நல்லாத்தான் பேசினாங்க. இந்தக் குடியிருப்பின் மொத்த அறிவு வாழ்க்கையும் இந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது.

மறைந்த என் கணவரும் இந்தக் கட்சிதான். எங்கள் திருமணப் பத்திரிகையை அச்சுக்கு முன் சரிபார்க்கச் சொல்லி அவரிடம் கொடுத்தார்கள். சரி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மாப்பிள்ளை பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவருடைய அண்ணன் பெயர் இருந்தது. அண்ணனுக்கு அப்போது இரண்டு பிள்ளைகள். "எழுத்தெல்லாம் பளிச்சுன்னு இருந்துச்சு, அதான் போட்டேன்" என்றார். நல்ல மனிதர், தங்கமான மனிதர். ஆனால் எழுத்து பளிச்சென்று இருந்தால் போதும், எமலோகத்துக்கே பயணச்சீட்டு என்றாலும் வாங்கிப் பையில் வைத்துக்கொள்வார்.

வீட்டோடு போன பிழை சிரிப்போடு போயிற்று. ஊரோடு செய்யும் பிழை?

சென்ற ஆண்டு இதே மண்டபம், இதே மேடை, இதே செயலாளர். அன்று ஆறாவது தீர்மானத்தை அவர் வாசித்தார். உங்களில் எவருக்காவது நினைவிருக்கிறதா? அவசரப்படாதீர்கள், யோசித்துச் சொல்லுங்கள். இல்லை. ஏனென்றால் அப்போது தேநீர்த் தட்டுகள் கதவருகே வந்துவிட்டன. நான் படிக்கிறேன், கேளுங்கள்.

"குடியிருப்பின் அறிவுக்கண்ணாகத் திகழும் வாசிப்பறையை ஒன்பது ஆண்டுகளாகத் தன்னலமின்றிப் பேணிவரும் நம் அன்புச் சகோதரியின் சேவையை நன்றியுடன் நிறைவுசெய்து, அவ்வறையை அனைவரின் பல்நோக்குத் தேவைகளுக்கும் உகந்தவாறு மேம்படுத்துவதென்றும், அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் உறுதிசெய்யப்படும் வரை இவ்வேற்பாடு தற்காலிகமாக நடைமுறையில் இருக்குமென்றும் இக்கூட்டம் ஒருமனதாகத் தீர்மானிக்கிறது."

என்ன அழகு, என்ன ஓட்டம். அன்புச் சகோதரி என்றதும் எல்லாத் தலைகளும் பின்னால் திரும்பின. இதோ இருக்கும் தையற்கடை அம்மா, ஒன்பது ஆண்டுகள் மாலை தவறாமல் தன் கடையைப் பூட்டிவிட்டு வந்து அந்த அறையைத் திறந்தவர், தன்னைப் புகழ்கிறார்கள் என்று எண்ணி எழுந்து கும்பிட்டார். நீங்கள் தட்டினீர்கள். மண்டபமே அதிர்ந்தது. அவரும் கூச்சத்தோடு தட்டினார். தன்னை வெளியே அனுப்பும் தீர்மானத்துக்குத் தானே கை தட்டினார். "பலத்த கரவொலியுடன் ஒருமனதாக ஏற்கப்பட்டது" என்று எழுதினார்கள். அது பொய்யில்லை. அதுதான் வேதனை.

மறுநாள் மாலை அவர் சாவியைப் போட்டார். திறக்கவில்லை. சங்க அலுவலகத்துக்குப் போய்ச் செயலாளரிடம் கேட்டார்.

"சார், சாவி சுத்தவே மாட்டேங்குது."

"பூட்டை மாத்தியாச்சும்மா."

"யாரைக் கேட்டு மாத்துனீங்க?"

"உங்களையும் கேட்டுத்தாம்மா. நேத்து எழுந்து நின்னு கும்பிட்டு, கை தட்டினீங்களே. ஒருமனதான்னா ஒருத்தர் விடாமன்னு அர்த்தம். உங்களையும் சேர்த்துத்தான்."

செயலாளர் அவர்களே, நான் ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அப்படித்தானே? தலையசைக்கிறார். நேர்மையானவர்.

பல்நோக்கு என்றார்களே, அந்த அறையின் நோக்கங்களை இந்த ஓராண்டாக நான் சன்னலில் இருந்து கவனித்து வருகிறேன். முதல் நோக்கம், பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிவைப்பது. இரண்டாம் நோக்கம், அடுக்கிய நாற்காலிகளை எடுப்பது. மூன்றாவது இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. ஆம் ஐயா, நீங்கள் இப்போது சாய்ந்திருக்கிறீர்களே, அதே நாற்காலிகள்தான். பணி முடிந்து வீடு போகும் வழியில் அரைமணி நேரம் அமர்ந்து படித்த செவிலியர், ஒரே நாளிதழை ஒரு மணி நேரம் உதட்டசைத்துப் படித்த பேருந்து ஓட்டுநர், வீட்டில் இடம் போதாமல் அங்கே வந்து பாடம் படித்த மூன்று பிள்ளைகள், இவர்களையெல்லாம் எழுப்பிவிட்டு நாற்காலிகளை உட்கார வைத்திருக்கிறோம். புத்தகங்கள் எங்கே என்கிறீர்களா? படிக்கட்டுக்கு அடியில், தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்தில், பதினேழு மூட்டைகள். அடிமூட்டைகள் ஊறிப் பருத்துவிட்டன. தினமும் அவற்றைத் தாண்டித்தான் ஏறுகிறீர்கள், இறங்குகிறீர்கள். மூட்டை என்று தெரிந்தது. உள்ளே என்ன என்று கேட்கத் தோன்றவில்லை.

ஆனால் ஒருவருக்குத் தோன்றியது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட ஒருவருக்கு.

தீர்மானப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும் என்று தையற்கடை அம்மா அலுவலகத்தில் கேட்டார். எழுத்தர் சொன்னார், "அதெல்லாம் சட்ட பாஷைம்மா, உங்களுக்குப் புரியாது."

"ஒரு தடவையில புரியலைன்னா ரெண்டு தடவை படிக்கிறேன். ஒன்பது வருஷமா அப்படித்தானே படிச்சேன்."

வெளியே எடுத்துப்போக அனுமதியில்லை என்றார்கள். உட்கார நாற்காலி கொடுக்கவில்லை. இருநூறு நாற்காலிகள் வைத்திருக்கும் சங்கம். நின்றபடியே அந்த வாக்கியத்தை, துணி வெட்ட அளவு வரையும் பழுப்புத் தாளில் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டார். கடைக்குப் போனார். என்ன செய்தார் தெரியுமா? கத்தரிக்கோலை எடுத்தார். அந்த வாக்கியத்தைத் துண்டு துண்டாக வெட்டினார். அறிவுக்கண் ஒரு துண்டு. அன்புச் சகோதரி ஒரு துண்டு. நன்றி ஒரு துண்டு. மேசையில் பரப்பி, அழகுக்கு வைத்தது எது, வேலை செய்வது எது என்று பிரித்தார். அழகை ஒருபுறம் ஒதுக்கினார். மிச்சம் நான்கே துண்டுகள்: சேவையை, நிறைவுசெய்து, அவ்வறையை, மேம்படுத்துவது. ஐந்தாவதாக ஒன்று, எங்கே ஒதுக்குவது என்று தெரியாமல் நின்றது. இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் என் வீட்டு மணி அடித்தது. உள்ளே வந்தவர் என் சாப்பாட்டு மேசையில் துண்டுகளைப் பரப்பினார்.

"இதைப் பாருங்கம்மா. சட்டையோட உட்பக்கத்தைப் புரட்டினாத்தான் தையல் தெரியும். இந்தத் துண்டு மட்டும் சும்மா குண்டூசி குத்தி வெச்சிருக்காங்க. இன்னும் தைக்கலை."

"உறுதிசெய்யப்படும் வரை" என்ற துண்டு. அடுத்த கூட்டத்தில், அதாவது இன்று, நீங்கள் உறுதிசெய்தால் அறை என்றைக்குமாக நாற்காலிக் கிடங்கு. மூட்டைகள் பழைய தாள் வாங்குபவருக்கு. நீங்கள் உறுதிசெய்யாவிட்டால், இன்றோடு அந்த ஏற்பாடு காலாவதி. முப்பத்தோர் ஆண்டுகள் பிழை திருத்தியவளுக்குத் தெரியாததை ஒரு கத்தரிக்கோல் கண்டுபிடித்தது.

"இதை எப்படிம்மா அன்னிக்கே பிடிக்காம விட்டோம்?" என்று கேட்டுவிட்டேன். விட்டோம் என்றேன். பெருந்தன்மை என்று நினைப்பு. அவர் துண்டுகளை அடுக்கிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்:

"அன்னிக்கு நீங்க முதல் வரிசையில இருந்தீங்க. எனக்கு ஒண்ணும் புரியலை. தட்டலாமா வேண்டாமான்னு உங்களைத்தான் பார்த்தேன். பிழை திருத்துற அம்மாவே தட்டுறாங்க, அப்போ சரியாத்தான் இருக்கும்னு நானும் தட்டினேன்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. நல்லது.

ஆம், தட்டினேன். கான்வென்ட்டில் படித்தவள் தட்டினேன். பத்தி ஒன்றைப் படிக்கவைத்து, புத்தகத்தை மூடவைத்து, "அதில் என்ன இருந்தது? நீ என்ன நினைக்கிறாய்? நிமிர்ந்து நின்று சொல்" என்று கேட்ட சிஸ்டர்களிடம் பன்னிரண்டு ஆண்டுகள் படித்தவள் தட்டினேன். அடுத்தவர் கட்டுரையில் ஒரு கால்புள்ளியை மன்னிக்காதவள், ஒரு மனுஷியை வெளியே தள்ளும் வாக்கியத்துக்குக் கை தட்டிவிட்டுத் தேநீரை எடுத்துக்கொண்டேன். சர்க்கரை குறைவு என்று குறையும் சொன்னேன். உங்களை இகழ எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். இதுதான் தகுதி. உங்களில் நானும் ஒருத்தி, முதல் வரிசைக்காரி.

படிக்கத் தெரிந்தும் படிக்காதவருக்கும் படிப்பே இல்லாதவருக்கும் என்ன வேறுபாடு? படிப்பில்லாதவர் நான்கு பேரிடம் கேட்பார். நாம் கேட்கவும் மாட்டோம். படித்தும் சிந்திக்காதவர் யார்? பிறர் எண்ணத்துக்கு வாடகையில்லாமல் தலையைக் கொடுத்தவர். சிந்தித்தும் பேசாதவர் யார்? கூட்டம் கலைந்தபின் படிக்கட்டில் நின்று, எனக்கு அப்போதே தெரியும் என்பவர். இந்தக் கட்டடத்தின் படிக்கட்டுகளில் எத்தனை வீரர்கள். மேடைக்கு முன்னால் ஒருவரும் இல்லை.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். பார்த்தேன் ஐயா, எனக்கு இருபது நிமிடம் ஒதுக்கியிருக்கிறீர்கள், பதினான்கு ஆகியிருக்கிறது. மைக் நின்றுவிட்டதா? பரவாயில்லை. எங்கள் பள்ளியில் மைக் கிடையாது. முந்நூறு பேருக்குக் கேட்கும்படி பேசாவிட்டால் மறுபடி முதலிலிருந்து. தூணோரம் கேட்கிறதா? கேட்கிறது என்கிறார்.

தாய்மார்களே, அந்த விசிறியைக் கொஞ்சம் பிரியுங்கள். அது நிகழ்ச்சி நிரல். ஏழாவது என்ன? என் சிறப்புரை. எட்டாவது? சத்தமாகப் படியுங்கள் அம்மா, நீல நிறத்தில் இருப்பவரே, நீங்கள்தான். "சென்ற ஆண்டுத் தீர்மானங்களை உறுதிசெய்தல்." ஒன்பதாவது? தேநீர்.

தையற்கடை அம்மா பழைய பக்கங்களையும் புரட்டியிருக்கிறார். ஆறு ஆண்டுகளாகச் சிறப்புரைக்கு அடுத்துத்தான் உறுதிசெய்தல் வருகிறது. பேச்சாளர் வணக்கம் சொல்வார், நீங்கள் தட்டுவீர்கள், அந்த ஓசை அடங்கும் முன் செயலாளர் மைக்குக்கு வந்து உறுதிசெய்யப்பட்டது என்பார். பேச்சாளருக்கு விழுந்த கைதட்டல், சூடு ஆறாமல் தீர்மானத்துக்குப் போய்ச் சேரும். சதி என்று சொல்லமாட்டேன். சதிக்கு உழைப்பு வேண்டும். இங்கே அது தேவைப்படவில்லை. நீங்களே தட்டித் தந்துவிடுகிறீர்கள்.

இந்தக் கூட்டத்தில் பேச ஐந்து நிமிடம் கேட்டார் அவர். நிரல் அச்சுக்குப் போய்விட்டது என்று மறுத்தார்கள். அஞ்சாமல் பேசுவது பற்றிப் பேச என்னை அழைத்ததும் அதே நாள்தான். அழைத்தவர்களுக்கு நன்றி. என்னிடம் ஆறு நிமிடம் மிச்சம் இருக்கிறது. அதை அவருக்குத் தருகிறேன். விதியில் தடை இருந்தால் எந்தப் பக்கம், எந்த வரி என்று காட்டுங்கள். நான் படித்துவிட்டேன். இல்லை.

பெருமக்களே, அவர் சொல்வதைக் கேளுங்கள். பிறகு எட்டாவது வரும். வேண்டாம் என்பவர் எழுந்து நின்று வேண்டாம் என்று வாயால் சொல்லுங்கள். நாற்காலிக் கிடங்குதான் வேண்டும் என்பவரும் எழுந்து, ஏன் என்று சொல்லிவிட்டு ஆதரியுங்கள், அவரையும் மதிப்பேன். கையை மட்டும் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். சென்ற ஆண்டு அவர் என் கையைப் பார்த்துத் தட்டினார். இந்த ஆண்டும் பார்க்கட்டும். இதோ, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறேன்.

வாருங்கள் அம்மா. பையை அங்கே வைக்க வேண்டாம், எடுத்துக்கொண்டே வாருங்கள். துண்டுகள் அதில்தானே இருக்கின்றன. வழிவிடுங்கள், ஐயா. அந்த நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்துங்கள்.

இதுவரை பொறுத்திருந்த உங்கள் செவிகளுக்கு நன்றி. இனிப் பேசப்போகும் உங்கள் வாய்களுக்கு வணக்கம். செயலாளர் அவர்களே, பேனாவைத் திறந்து எழுதிக்கொள்ளுங்கள்: சிறப்புரை முடிந்தது. கரவொலி எழவில்லை.