அஞ்சேகால் அடிக் கட்டில்

— காலை எங்க வைக்கிறது மச்சான்? சிம்பிளா கேக்கறேன். இந்தக் கட்டில்ல தலையை வச்சா, காலை எங்க வைக்கிறது?

— மடக்கிக்குங்க மாப்ள.

— மடக்கறதா? ஒரு வருஷம் ஊர் ஊராச் சுத்தப் போற வண்டி இது. ஒரு வருஷமும் நான் இறால் மாதிரி சுருண்டு கிடக்கணுமா?

— கதவைத் திறந்து வச்சீங்கன்னா கால் வெளிய போயிடும். காத்தோட்டமாவும் இருக்கும்.

— நக்கலா? அஞ்சு மாசம்! ஒரு பிக்கப் வண்டி முதுகுல பெட்டியை ஏத்தி, அதுக்குள்ள ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு மேஜை வைக்க அஞ்சு மாசம். அஞ்சு மாசத்துல வயித்துல இருக்கற குழந்தைக்கே கை கால் வந்துடும்.

— குழந்தைக்கு வெல்டிங் வேலை கிடையாதே மாப்ள.

— அந்த டேப்பைக் குடுங்க. அந்த முனையைப் பிடிங்க. நல்லா இழுத்துப் பிடிங்க. ம்... அஞ்சேகால் அடி! என் உயரம் என்ன? ஆறடிக்கு ஒரு இஞ்ச் குறைவு. நான் அனுப்பின பேப்பர்ல என்ன எழுதியிருந்தேன்? மூணு பக்கம், டைப் அடிச்சு, பாயிண்ட் பாயிண்டா. முதல் பாயிண்டே கட்டில்தான். ஆறரை அடி.

— பேப்பர் வந்தது.

— வந்தா படிக்கணும்.

— நம்ம பட்டறையில பேப்பரைப் பாத்து அளவெடுக்கற பழக்கம் இல்ல மாப்ள. ஆளை நிறுத்தித்தான் அளவு. எந்தக் கொம்பன் வந்தாலும் அதோ அந்தத் தூண்ல சாஞ்சு நிக்கணும். தலைக்கு மேல சாக்பீஸ்ல ஒரு கோடு. அப்புறம் தரையில படுக்கச் சொல்லி ரெண்டு கோடு. பேப்பர்ல எழுதறப்ப எல்லாரும் ரெண்டு இஞ்ச் வளந்துடறாங்க.

— என் கோடு எங்க?

— நீங்க எப்ப வந்து நின்னீங்க? மூணு தடவை ஃபோன் பண்ணேன். முதல் தடவை மீட்டிங். ரெண்டாவது தடவையும் மீட்டிங். மூணாவது தடவை என்ன சொன்னீங்க? 'தகரம் தட்டற இடத்துக்கெல்லாம் நான் வந்து நிக்கணுமா, உங்க தங்கச்சிய அனுப்பறேன்.' அதானே?

— அதனால?

— பாப்பா வந்து நின்னா. கோடு போட்டேன். ஆகட்டும்னு வேலையை ஆரம்பிச்சேன்.

— ஓகோ! அப்ப மொத்த வண்டியும் அவ அளவு! அதான் உள்ள நுழைஞ்சதுமே கூரை மண்டையில இடிச்சுது. தொட்டுப் பாருங்க, எலுமிச்சம்பழம் மாதிரி வீங்கியிருக்கு.

— குனிஞ்சு போனா இடிக்காது. உங்களுக்குப் பழக்கமில்ல.

— அடுப்பு மேடை என் தொடைகிட்ட நிக்குது!

— அடுப்புப் பக்கம் நீங்க எதுக்குப் போறீங்க?

— பேச்சை மாத்தாதீங்க. பாயிண்ட் நாலு: பின்பக்க ஜன்னல் ஓரமா ஒரு மேஜை. கேமரா வைக்க, வீடியோ எடிட் பண்ண. ஜன்னல்ல மலை தெரியும், நான் உக்காந்து பேசுவேன், அதுதான் என் யூட்யூப் சேனலோட முதல் காட்சியே. அந்த இடத்துல ஒரு பீரோ நிக்குது.

— பீரோ இல்ல. திறந்து பாருங்க.

— மச்சான்... இது கக்கூஸ்.

— ஆமா. ஃபிளஷ்கூட நல்லா வேலை செய்யுது. அமுக்கிப் பாருங்க.

— இதை நான் அடிச்சுவிட்டிருந்தேன்! பாயிண்ட் பதினேழு. அவ பென்சில்ல எழுதிச் சேத்திருந்தா. நான் சிவப்பு மையில அடிச்சு, பக்கத்துல 'எடை கூடும், தேவையில்லை'னு எழுதவும் செஞ்சேன்.

— படிச்சேன்.

— பேப்பரே படிக்கறதில்லன்னீங்க!

— அந்த ஒரு வரியை மட்டும் படிச்சேன். மூணு பக்கத்துல அவ கேட்டது அது ஒண்ணுதான்.

— நாப்பது கிலோ மச்சான்! தொட்டி, தண்ணி எல்லாம் சேத்தா இன்னும் மேல. இந்த வண்டி தாங்கற எடைக்குள்ள நிக்கணும்னு ஸ்பூனைக்கூட எண்ணி எடுத்து வச்சிருக்கேன் நான். வழியில பெட்ரோல் பங்க் இல்லையா? மரம் இல்லையா?

— மரம் உங்களுக்கு. போன தடவை காரை எடுத்துக்கிட்டு பதினோரு நாள் கூட்டிட்டுப் போனீங்களே, ஞாபகம் இருக்கா? எங்க இறங்கறதுன்னு பயந்து, விடிஞ்சதுலேருந்து பொழுது சாயற வரைக்கும் ஒரு மடக்குத் தண்ணி குடிக்காம வந்தா. வீட்டுக்கு வந்ததும் குளிர் ஜுரம். நாலு நாள் ஆஸ்பத்திரில கிடந்தா.

— அது வெயில். டாக்டரே சொன்னாரு.

— டாக்டர் சொன்னது நீர்க்கடுப்பு முத்திப்போச்சுன்னு. என்கிட்டத்தான் சொன்னாரு. நீங்க அப்ப வராந்தாவுல நின்னு, சூரியன் மறையற வீடியோவை ஃபோன்ல ஏத்திட்டிருந்தீங்க. எத்தனை பேர் பாத்தாங்க மாப்ள?

— நாலாயிரத்துச் சொச்சம். அது இப்ப எதுக்கு?

— சும்மா கேட்டேன். ஆகட்டும்.

— எனக்குத் தெரியும் மச்சான். இதெல்லாம் கைத்தவறு இல்ல, வன்மம். இருபத்தாறு வருஷமா உங்களுக்கு என்னைக் கண்டா ஆகாது. தகரம் தட்டற புத்தி தகரத்துலதானே நிக்கும்.

— தகரம் தட்டித்தான் அவளைப் படிக்க வச்சேன். தகரம் தட்டித்தான் இந்த வண்டியையும் வாங்கிக் குடுத்தேன். அவளுக்கு. உங்களுக்கு இல்ல.

— பெரிய வண்டி! இந்தப் பட்டறை மூலையில கோழி முட்டை போட்டுக்கிட்டிருந்த வண்டி.

— கோழிக்குத் தெரிஞ்ச அருமை சில பேருக்குத் தெரியறதில்ல.

— வார்த்தையை அளந்து பேசுங்க!

— அளந்துதான் பேசறேன். அஞ்சேகால் அடி.

— சரி. வாக்குவாதம் வேணாம், சிம்பிளா சொல்றேன். நாளன்னிக்குக் காலையில நான் கிளம்பியாகணும். இதுக்காக வேலையை விட்டுட்டேன். வழியனுப்ப ஆபீஸ்லேருந்து பாதிப் பேர் வர்றாங்க, பழைய மேனேஜர்கூட வர்றாரு. இன்னிக்குப் பொழுதுக்குள்ள இந்தக் கக்கூஸைப் பிடுங்கி எறியுங்க. கட்டிலை நீட்டுங்க. முடியாதுன்னா சாவியைக் குடுங்க, வேற பட்டறை எனக்குக் கிடைக்காமயா போயிடும்?

— சாவி என்கிட்ட இல்ல.

— பின்ன யார்கிட்ட?

— பாப்பாகிட்ட.

— அவகிட்ட எதுக்கு? சைக்கிள் மணியைக்கூட அடிச்சுப் பழக்கமில்லாதவ. எங்க போனா அவ? அஞ்சு மாசமா, 'போய் அண்ணனை முடுக்கிவிட்டு வர்றேன்'னு தினம் இங்கதானே வந்துக்கிட்டிருந்தா? இந்த அலங்கோலத்தையெல்லாம் பாத்துக்கிட்டு வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தா? வரட்டும், அவளுக்கு இருக்கு.

— இதோ, ஆட்டோவிலேருந்து இறங்கறா பாருங்க. அவகிட்டயே கேளுங்க.

— அண்ணா, கிடைச்சிடுச்சு! மூணாவது தடவையும் என் மூஞ்சியைப் பாத்ததும் அந்த ஆபீசர் எழுந்து நின்னுட்டாரு. பயத்துல குடுத்தாரா, பாவம்னு குடுத்தாரான்னு தெரியல... அட, நீங்களும் வந்திருக்கீங்களா?

— நீங்களுமா? வாம்மா, வா. உங்க அண்ணன் கைவண்ணத்தை வந்து பாரு. ஏறு. அந்தக் கட்டில்ல படு.

— போன வாரமே படுத்துப் பாத்துட்டேங்க. கச்சிதமா இருக்கு.

— உனக்குக் கச்சிதமாத்தான் இருக்கும்! எனக்கு? கேளு அவரை. தூண்ல நீ நின்னா, உன்கூட புருஷன்னு ஒருத்தன் வருவான்னு ஒரு மனுஷனுக்குத் தோணாதா? மூளை வேணாம்?

— அண்ணன்மேல பாயாதீங்க. அண்ணன் உங்க உயரத்தைக் கேட்டாங்க. ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை கேட்டாங்க. நான்தான் அது தேவைப்படாதுன்னு சொன்னேன்.

— தேவைப்படாதா? என் உயரம் உனக்குத் தெரியாதா?

— இருபத்தாறு வருஷமா உங்க பேண்ட்டுக்கு அளவு குடுத்து வாங்கிட்டு வர்றவ நான். தெரியாம இருக்குமா?

— அப்புறம்? நான் எங்க படுக்கறதாம்?

— வீட்டுல. அங்க கட்டில் ஆறரை அடி.

— ...என்ன உளர்றே?

— உளறலைங்க. நிதானமாத்தான் சொல்றேன். நான் மட்டும் போறேன்.

— இது என் பயணம்! ரெண்டு வருஷமா உக்காந்து நான் வழி போட்டேன். எந்த ஊர்ல எத்தனை மணி, எந்த வளைவுல எந்தக் காட்சின்னு...

— அந்தப் பேப்பரை எடுத்துக்கிட்டேன். நல்லாத்தான் போட்டிருக்கீங்க, குறை சொல்ல மாட்டேன். ஒண்ணுதான், எங்கயும் நிக்கறதுக்கு நேரமே போடல. நான் நின்னு நின்னு போறேன்.

— எப்ப வருவே?

— தெரியல. வர்றப்ப ஃபோன் பண்றேன். மீட்டிங்ல இருந்தாலும் எடுங்க.

— மச்சான்! என்ன மரம் மாதிரி நிக்கறீங்க? உங்க தங்கச்சிக்குப் பேய் பிடிச்சிருக்கு. மூத்தவர்னு நீங்களாவது நாலு வார்த்தை சொல்லுங்க.

— ஆகட்டும். பாப்பா, டேங்க் முழுக்கத் தண்ணி பிடிச்சிருக்கேன். நல்லாக் குடி.

— சரிண்ணா.

— இது என்ன கூத்து! அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்து என்னை முட்டாளாக்கறீங்களா? சரி, போவே. யாரு ஓட்டுவா? அதைச் சொல்லு. எந்த டிரைவரைக் கூட்டிட்டுப் போறே?

— மாப்ள, பெட்டி ரெண்டாவது மாசமே முடிஞ்சுபோச்சு. மிச்ச மூணு மாசம் எதுக்கு இழுத்தேன்னு நினைக்கிறீங்க? காலையில அஞ்சு மணிக்கு வந்து, பட்டறைக்குப் பின்னால இருக்கற மைதானத்தைச் சுத்திச் சுத்தி ஓட்டிப் பழகினா. இன்னிக்கு லைசென்ஸ் வந்துடுச்சு.

— வர்றேண்ணா. வர்றேங்க.

— இறங்கு! சொல்றேன்ல, இறங்கு! கதவைத் திற! ஐயோ, ஸ்டார்ட் பண்றாளே! நாளன்னிக்கு எல்லாரும் பூங்கொத்தோட வந்து நிப்பாங்களே, அவங்களுக்கு நான் என்னன்னு பதில் சொல்லுவேன்? நகர மாட்டேன். இங்கேயே நிப்பேன். என்மேல ஏத்திக்கிட்டுப் போகட்டும்!

— மாப்ள, வண்டிக்குப் பின்னால மட்டும் நிக்காதீங்க. ரெண்டு தடவையும் அவ ஃபெயிலானது ரிவர்ஸ் எடுக்கறதுலதான்.