இரண்டு தட்டு எதற்கு?

என்னை மேடையேற்றிவிட்டு எனக்கே கடிகாரம் காட்டும் தலைவர் அவர்களே! நூலகத்தை நூறு கைகளால் தாங்கிய பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு வந்து அரங்கை நிறைத்த தாய்மார்களே! இந்த எலக்ட்ரீஷியனின் வணக்கம்!

கரண்ட் வேலை பார்ப்பவனுக்குக் கதையில் என்ன வேலை? இந்தச் சிறுகதைத் தொகுப்பின் தேர்வுக்குழுவும் இதைத்தான் கேட்டது!

என் அண்ணி மருத்துவமனையில் படுக்கை விரிப்புகளைத் துவைப்பவர். முதன்முதலாக ஒரு சிறுகதை எழுதினார். மகளோடு சண்டையிட்டு, அவளை வீட்டைவிட்டு வெளியே போகச் சொன்ன தந்தையின் கதை. நடுவில் ஒரு வரி: ‘சமைத்து முடித்ததும் இரண்டு தட்டுகளை எடுத்து வைத்தார்.’

அண்ணிக்குத் துணையாக நானும் போயிருந்த தேர்வுக்குழுக் கூட்டத்தில், தலைவர் சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

“தனியா இருக்கிறவருக்கு எதுக்கும்மா ரெண்டு தட்டு? கைத்தவறுதான். வரியை எடுத்துட்டா தொகுப்புல போட்டுடலாம்.”

“வரி போனா கதையும் வேணாங்க” என்று அண்ணி எழுந்துவிட்டார். முதல் கதையே கடைசிக் கதையாகிவிடும் போலிருந்தது!

விட்டேனா? “அண்ணி, கொஞ்சம் உட்காருங்க” என்றேன். எந்த ஒயர் எங்கே போகிறதென்று தெரியாத வீட்டில் நாங்கள் என்ன செய்வோம்? ஒரு ஃபியூஸைப் பிடுங்குவோம். எந்த அறை இருள்கிறதென்று பார்ப்போம்.

கதையை வரிவரியாகக் கத்தரித்தேன். சுவரில் ஒட்டினேன். எது எதற்குக் காரணம், எது எதன் விளைவு, எது எதற்கு எதிர் என்று நூல் கட்டி இழுத்தேன். மழை பெய்த வரியைப் பிடுங்கினேன். கதைக்கு ஒன்றும் ஆகவில்லை. மூக்குக்கண்ணாடி வரியைப் பிடுங்கினேன். அப்போதும் கதை விழவில்லை. தட்டு வரியைப் பிடுங்கினேன்!

அந்தத் தந்தை தினமும் பேருந்து நிறுத்தம் வரை ஏன் நடந்தார்? இருட்டு! மகளிடமும் சாவி உள்ள துருப்பிடித்த பூட்டை மாற்ற ஏன் மறுத்தார்? இருட்டு! கதவு தட்டப்பட்டதும் ‘யாரது’ என்றுகூடக் கேட்காமல் ஏன் ஓடினார்? ஐயா, வீடு முழுக்க இருட்டு!

“தனியா இருக்கிறவருக்கு எதுக்கு ரெண்டு தட்டுன்னு கேட்டீங்களே தலைவரே, அந்தக் கேள்விதாங்க கதையே!” என்றேன்.

என்னம்மா? தலைவர் என்ன சொன்னார் என்றா கேட்கிறீர்கள்? பொறுங்கள், சொல்கிறேன். நான் பிடுங்கிப்போட்ட தட்டு வரியின் தாள்துண்டைக் குனிந்து எடுத்தார். பசை தடவினார். தம் கையாலேயே சுவரில் ஒட்டினார். பிறகுதான், “நான்தாம்மா கவனிக்கல” என்றார். வென்றது அண்ணியின் வரி! அதற்காகக் குனிந்தது தலைவரின் பெருந்தன்மை!

இதோ புத்தகம்! நாற்பத்தொன்றாம் பக்கம்! இரண்டு தட்டும் வைத்த இடத்திலேயே இருக்கின்றன. வேலை உடுப்போடு ஓடிவந்து முதல் வரிசையில் அண்ணி அழுதுகொண்டிருக்கிறார். அழுங்க அண்ணி, இன்னைக்கு நல்லா அழுங்க!

கைதட்டிக் கை சிவந்த உங்கள் அனைவருக்கும் நன்றி. வீட்டுக்குப் போய்க் கதையைப் படியுங்கள். படித்த கையோடு, கோபித்துக்கொண்டு போன யாருக்காவது ஒரு தட்டு எடுத்து வையுங்கள்.

வணக்கம்!