ஒருமுறைகூட அணையாத சர்வர்

புதிதாக வந்ததை உடனே வாங்கிவிடுகிற ஆள் நான் இல்லை, சார். செருப்பானாலும் சர்வரானாலும் அப்படித்தான். செருப்பு விற்கும் எங்கள் கம்பெனியின் இணையதளத்துக்கு எந்த ஆபரேட்டிங் சிஸ்டம் போடலாம் என்று கேட்டார்கள். பளபளப்பு ஒன்றும் இல்லாத, பல வருடம் பழகிய லினக்ஸ் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். தேவையில்லாத ஒரு புரோகிராம்கூட அதில் கிடையாது. போட்ட நாளிலிருந்து ஒருமுறையும் நின்றதில்லை. அதனால் ஆபீஸ் கதவுகளின் மின் பூட்டுகளையும் அதிலேயே இணைத்தேன். நம்பகமான ஆளிடம்தானே சாவியைக் கொடுப்போம்.

ஆனால் உள்ளுக்குள் ஒரு பயம் வளர்ந்துகொண்டே போனது. இத்தனை வருடம் அணைக்காததை அணைத்தால் திரும்ப எழுந்திருக்குமா? அந்தப் பயத்தில் லீவே போடவில்லை. தங்கை கல்யாணத்துக்குத் தலையைக் காட்டிவிட்டு ஓடி வந்தேன். சர்வர் முன்னால் இருந்த நாற்காலியில் வசமாக மாட்டிக்கொண்டிருந்தேன்.

என்னோடு வேலை பார்த்தவளுக்கு அவசரக்குடுக்கை என்று பெயர் வைத்திருந்தேன். "அண்ணா, அப்டேட் போட்டு ஒரு தடவ ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்துருவோம். எத்தன நாளைக்கு இதுக்குக் காவல் இருப்பீங்க?" என்பாள். நல்ல பெண். என்மேல் அக்கறை உள்ளவள்.

அன்று பேட்டரி ஒன்று உப்பியிருக்கிறது என்று அவள்தான் பேட்டரி அறைக்குள் போனாள், கரண்ட் போனாலும் என் சர்வர் நிற்கக் கூடாதே என்று. உள்ளே புகை கிளம்பியது. கதவுப் பூட்டின் புரோகிராம் அந்த நேரம் பார்த்து உறைந்துபோனது, அவளுக்குப் பின்னால் பூட்டிக்கொண்ட கதவு திறக்கவில்லை. அதை மட்டும் நிறுத்தி மறுபடி ஓட்டிப் பார்த்தேன், அசையவில்லை. சர்வரையே ரீஸ்டார்ட் செய்தால் எல்லாப் பூட்டும் தானாக விடும். அப்படி அமைத்ததும் நான்தான்.

போனில் இருமிக்கொண்டே சொன்னாள்: "அண்ணா, ரீஸ்டார்ட் பண்ணுங்க. கதவு திறந்துரும்."

"கொஞ்சம் பொறும்மா, கடப்பாரை வருது," என்றேன். வாட்ச்மேனுக்குச் சொல்லியிருந்தேன், அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ரீஸ்டார்ட் கட்டளையைக்கூட டைப் செய்துவிட்டேன். என்டரை அழுத்துவதுதான் பாக்கி. அழுத்தவில்லை. அவள் கதவை இடிப்பது என் இடம்வரை கேட்டது. கடப்பாரை வந்து சேர்ந்தபோது அந்தச் சத்தம் இல்லை.

மறுநாள் உங்கள் ஆட்கள் சர்வரை அணைத்து மறுபடி போட்டார்கள். ஒரு வாய் தண்ணீர் குடிப்பதற்குள் எழுந்து, செருப்பு விற்க ஆரம்பித்துவிட்டது. நான் சரியான சிஸ்டத்தைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறேன், சார். அவள் இருந்திருந்தால் ஒப்புக்கொண்டிருப்பாள்.